ஆறே வாரத்தில் அப்பாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது. இதற்குச் சிகிச்சையே இல்லையா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. ஆறு வாரங்களாகக் கடுமையான மறதி, குழப்பம். அடிக்கடி வலப்பக்க முகமும் கையும் சில நொடிகள் வெட்டி இழுக்கின்றன. சோடியம் குறைவாக உள்ளது. முதுகுத்தண்டு நீரில் '14-3-3' புரதம் இருப்பதால் சி.ஜே.டி. (க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப்) என்ற மூளைநோய் என்றும், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: அவசரப்பட்டு அழைத்துப் போய்விடாதீர்கள். ஒரே பக்க முகமும் கையும் சேர்ந்து வெட்டுவது, கூடவே சோடியம் குறைவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது எல்.ஜி.ஐ.1 மூளை அழற்சி. நோய் எதிர்ப்பு மண்டலம் தவறிப்போய் மூளையிலுள்ள எல்.ஜி.ஐ.1 என்ற புரதத்தையே தாக்குவதால் வருவது இது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் அதிகம் காண்கிறோம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோர் நன்கு தேறுகிறார்கள். தாமதித்தால் மறதி நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

சி.ஜே.டி. அப்படியல்ல. பிரியான் என்ற உருமாறிய புரதத்தால் வரும் அந்த நோய்க்கு மருந்தில்லை. பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதிலும் உடல் வெட்டும் என்பதால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் 14-3-3, நரம்பணுக்கள் வேகமாகச் சிதைகின்றன என்று மட்டுமே சொல்லும். அழற்சி, வலிப்பு, பக்கவாதம் எதிலும் அது தென்படலாம். அதை வைத்து மட்டும் கைவிரிக்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ. படங்களை அனுபவமுள்ள கதிரியக்க நிபுணர் இன்னொரு முறை பார்க்கட்டும். சி.ஜே.டி.யில் மூளையின் மேற்புற மடிப்புகள் நாடா ஒட்டியதுபோல் வெளுத்திருக்கும், அல்லது ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்கள் வெளுத்திருக்கும். எல்.ஜி.ஐ.1-இல் மாற்றம் பெரும்பாலும் பொட்டுமடலின் (நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப்பகுதி) உட்புறத்தில் இருக்கும்; சிலருக்குப் படம் இயல்பாகவே இருக்கும். முதுகுத்தண்டு நீரில் பிரியானையே தேடும் ஆர்.டி.-க்விக் பரிசோதனை கேளுங்கள். சி.ஜே.டி.யை உறுதிசெய்ய 14-3-3-ஐவிட மிகவும் நம்பகமானது அது. எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு ரத்தம், தண்டுநீர் இரண்டையும் அனுப்ப வேண்டும், எல்.ஜி.ஐ.1-ஐத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில்தான் எளிதாகச் சிக்கும்.

மாதிரிகளை எடுத்த பிறகே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். ஆனால் முடிவு வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கிருமித்தொற்று, குறிப்பாக ஹெர்பிஸ், இல்லையென்று தெரிந்தால் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தினமும் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்கள் ரத்தக்குழாய் வழியே கொடுப்பது வழக்கம். சோடியத்தை மெதுவாகத்தான் உயர்த்த வேண்டும்.

ஆர்.டி.-க்விக் பாசிட்டிவ் என்று வந்து, படமும் ஒத்துப்போனால், அப்போது அப்பாவை வலியின்றி வைத்துக்கொள்வதே சரியான சிகிச்சை. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: அந்த வெட்டலை இன்றே கைபேசியில் படம் பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் இது பதிவாகாமல் போவதுண்டு. ஆனால் வெட்டலை நேரில் பார்த்தால் அவருக்கு உடனே அடையாளம் தெரியும்.