விழுப்புரத்துக்குத் தினமும் போய்வர: காரா, சீசன் டிக்கெட்டா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. அடுத்த மாதம் முதல் எனக்கு விழுப்புரத்தில் வேலை, கலெக்டர் ஆபீஸ் பக்கம். காலை 9.30-க்குள் கையெழுத்துப் போட வேண்டும், மாலை 6 மணிக்கு விடுவார்கள். வீட்டில் ஒரு ஸ்கூட்டி மட்டும் இருக்கிறது. ரயிலை நம்பினால் வேலை நிலைக்காது என்று கணவர் கார் எடுக்கச் சொல்கிறார். ஷோரூமில் ஆன்-ரோடு 9 லட்சம், அதில் 7 லட்சம் கடன் ஏற்பாடு செய்கிறார்களாம். என் சம்பளம் 38,000 ரூபாய். பெட்ரோல் செலவையும் ரயில் டிக்கெட்டையும் பார்த்து எது லாபம் என்று சொல்லுங்கள். (வாசகி, கடலூர்)

பதில்: வெறும் பெட்ரோலையும் டிக்கெட்டையும் வைத்துப் பார்ப்பதென்றால் இந்தப் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய், காருக்கு மாதம் பல ஆயிரம். ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. அவர் பயப்படுவது காசுக்கு இல்லை, நேரத்துக்கு. அதனால் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

முதலில் கார். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாக விழுப்புரம் சுமார் 50 கிலோமீட்டர். போய்வர 100. ஷோரூமில் சொல்லும் மைலேஜை விடுங்கள், ஊருக்குள் நின்று நின்று போகும் சாலையில் லிட்டருக்கு 17 கிடைத்தால் நல்லது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 600, மாதம் 24 வேலை நாளுக்கு 14,000-ஐத் தாண்டும். 7 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை என்றால் மாத டியூ சுமார் 14,500. இரண்டும் சேர்ந்தாலே 28,500. உங்கள் சம்பளத்தில் மிச்சம் 9,500. கார் வாங்குவதற்காக வேலைக்குப் போகிறீர்களா, வேலைக்குப் போவதற்காகக் கார் வாங்குகிறீர்களா என்று வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது நல்லது.

இதில் சர்வீஸ் இன்னும் வரவில்லை. மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடும் வண்டி வருடத்துக்கு 28,800 ஓடிவிடும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று. இரண்டு வருடத்துக்குள் நான்கு டயரும் மாற்ற வேண்டி வரலாம். இன்ஷூரன்ஸிலும் ஒரு விஷயம்: புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் விதி. அதைக் காட்டி "மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்பார்கள். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். பாலிசியில் இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

காருக்கு வீட்டில் வேறு தேவை இருந்தால் அது வேறு கணக்கு. இந்தப் பயணத்துக்காக மட்டும் வாங்குவதென்றால் நான் வேண்டாம் என்பேன்.

சரி, ரயில். உங்களுக்கு வசதியான ஸ்டேஷன் திருப்பாதிரிப்புலியூர், முதுநகரில் இருக்கும் துறைமுகம் ஜங்ஷன் அல்ல. ஸ்கூட்டியை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஏறலாம். வரக்கால்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி என்று நின்று போகும் பாசஞ்சரானாலும் பண்ருட்டி சாலை நெரிசல் கிடையாது, கண்ணை மூடிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தடம் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தால் உங்கள் வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிராசிங்குக்காகக் காத்திருக்கும். பாசஞ்சரைத்தான் ஓரங்கட்டுவார்கள், எக்ஸ்பிரஸை அல்ல. காலையில் அலுவலக நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் விழுப்புரம் வந்து சேரும் வண்டியை நம்பாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேர இடைவெளி வேண்டும். ஏனென்றால் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினால் வேலை முடிந்துவிடாது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது புதிய பேருந்து நிலையம் பக்கம். டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போக வேண்டும், அந்தச் செலவு தினமும் இரண்டு வேளை. சீசன் டிக்கெட் மலிவு என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாலைதான் உண்மையான கேள்வி. காலையில் வண்டி தாமதமானால் மேலாளரிடம் சொல்லிக்கொள்ளலாம். மாலை 6 மணிக்கு வேலை முடிந்து, ஜங்ஷன் வந்து சேர்வதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டால் அடுத்தது எப்போது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் காரையும் வாங்காதீர்கள், சீசனையும் வாங்காதீர்கள். அட்டவணையில் இருக்கும் நேரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். "வேர் இஸ் மை ட்ரெயின்" செயலியை வைத்துக்கொண்டு, வேலையில் சேர்வதற்கு முன்பே இரண்டு வாரம் அந்த மாலை வண்டி எத்தனை மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்கிறது என்று தினமும் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை இது.

வண்டி தவறினால் பஸ் இருக்கிறது. விழுப்புரத்தில் உங்கள் அலுவலகமே புதிய பேருந்து நிலையம் பக்கம்தான், கடலூரிலும் பேருந்து நிலையமும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனும் பக்கத்தில் பக்கத்தில். ஸ்டாண்டில் விட்ட ஸ்கூட்டியை நடந்தே போய் எடுத்துக்கொள்ளலாம். இந்த வசதி எல்லா ஊர்க்காரருக்கும் வாய்க்காது. காலையில் ரயில், மாலையில் நிலைமையைப் பார்த்து ரயிலோ பஸ்ஸோ என்று வைத்துக்கொண்டால் உங்கள் கணவரின் பயத்தில் பாதி போய்விடும்.

இன்னொன்று, இருட்டு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் மாதங்களில் அந்தச் சாலையில் மாலை வேளையில் கார் ஓட்டிப் பாருங்கள். இரண்டு டிரெய்லர் கோத்த டிராக்டர், பின்னால் விளக்கு இருக்காது, கரும்புத் தோகை சாலை வரை தொங்கும். எதிரே வரும் வண்டியின் ஹை பீமில் அந்த டிராக்டர் இருப்பதே தெரியாது. புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர் தினமும் அந்த நேரத்தில் அங்கே ஓட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மழைக்காலத்தில் கார் கைகொடுக்கும் என்பார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டி பக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி வண்டிகள் நின்றன; அதே சமயம் அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் விடுப்புதான், வேறு வழியில்லை.

சீசன் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதல் மாதம் மாத சீசன் போதும். பழகிவிட்டால் மூன்று மாதத்துக்கு எடுங்கள், மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான். முன்பதிவுப் பெட்டியில் ஏறாதீர்கள். சீசன் கையில் இருந்தாலும் டிக்கெட் இல்லாதவராகவே கருதி, கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் போட்டுவிடுவார்கள். சோழன் போன்ற சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் போக வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். காகித சீசன் தொலைந்தால் நகல் தர மாட்டார்கள். அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

மூன்று மாதம் இப்படிப் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடு சேர ஒன்பது மணி ஆகிறது என்றால் கார் பற்றிப் பேசலாம். அப்போதும் 9 லட்சம் வண்டி வேண்டாம், நல்ல பழைய கார் பாருங்கள். மாதம் 2,400 கிலோமீட்டர் ஓட்டினால் புது வண்டியின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்கும். அலுவலகத்தில் கடலூர்க்காரர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தால் ஒரே காரில் போய்ப் பெட்ரோலைப் பங்கு போடலாம். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் போல வசூலிப்பது வெள்ளை போர்டு வண்டிக்கு ஆகாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் அதைத்தான் கேட்கும்.

கேள்வி: நான் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். இதற்கு ரயில் உண்டா? (வாசகர், ஆல்பேட்டை)

பதில்: நேரடியாக இல்லை. புதுச்சேரி பாதை வில்லியனூர், வளவனூர் வழியாக விழுப்புரத்தோடு மட்டும்தான் சேர்கிறது. ரயிலில் போவதென்றால் விழுப்புரம் சுற்ற வேண்டும். இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு அது தேவையா? பஸ்ஸோ பைக்கோதான். பைக் என்றால் பெட்ரோலைக் கன்னியக்கோயில் தாண்டிப் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே வரி குறைவு, விலையும் குறைவு.

கேள்வி: கார் வாங்கப்போகிறேன், வீடு கடலூரில். பாண்டியில் நண்பர் வீட்டு முகவரியில் பதிவு செய்தால் வரி மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: வேண்டாம். நீங்கள் வசிக்கும் இடத்தில், அல்லது தொழில் செய்து வண்டியை வைத்திருக்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பாண்டி எண் உள்ள வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து, இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். நண்பர் முகவரிக்குப் பொய்யாக வாடகை ஒப்பந்தம் போட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, அவரும்தான். உண்மையிலேயே பாண்டியில் வீடெடுத்துத் தங்கி வேலை பார்த்தால் தாராளமாக அங்கே பதிவு செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு மின்கட்டண ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.