மேக்ரோ லென்ஸ் இல்லாமல் வீட்டில் தண்ணீர்த் துளியைப் படமெடுக்க முடியுமா?

பழைய டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கிறது, ஷட்டரை 1/4000 நொடியில் வைத்தால் படம் இருட்டாக வருகிறது, குறைத்தால் துளி கோடாக இழுபடுகிறது, சின்னப் பொருட்களை மிகக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். தெறிக்கும் தண்ணீர் நாலைந்து சென்டிமீட்டர் உயரம் வரும். 55 மி.மீ.யில் கிட் லென்ஸ் எவ்வளவு கிட்டே போகுமோ அவ்வளவு கிட்டே வைத்தாலே ஃபிரேம் நிறைந்துவிடும். உங்களுக்குக் குறைவது வெளிச்சம். கேமராவை விட்டுத் தள்ளி வைக்கக்கூடிய ஒரு மேனுவல் ஃப்ளாஷும் (சக்தியை நாமே கூட்டிக் குறைப்பது), அதைத் தள்ளியிருந்தே மின்ன வைக்கும் ஒரு டிரிக்கரும் வாங்குங்கள்.

ஓடும் துளியை நிறுத்திப் பிடிப்பது ஃப்ளாஷின் வேலை. 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால் அதற்குள் 14 மி.மீ. நகர்ந்துவிடும். துளியே நாலரை மி.மீ.தான், அப்புறம் கோடு விழாமல் என்ன செய்யும்? ஆனால் ஃப்ளாஷின் சக்தியை முழு அளவில் 1/64 பங்குக்குக் குறைத்தால், பெரும்பாலான ஸ்பீட்லைட்டுகளில் (கேமராவின் தலையில் மாட்டும் வகை ஃப்ளாஷ்களில்) ஒளி 1/10,000 நொடிகூட நீடிக்காது. அந்த நேரத்தில் துளி கால் மி.மீ. அளவுதான் நகரும். சக்தியைக் குறைத்தால் வெளிச்சம் மட்டும் குறையும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒளி நீடிக்கும் நேரமும் கூடவே குறைகிறது. விஷயமே அதுதான்.

ஆகவே ஷட்டர் 1/200, அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப்/11, அறை விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக் கறுப்பாக வந்தால் சரி. அதன் பிறகு படத்தில் விழுவதெல்லாம் ஃப்ளாஷின் வெளிச்சம் மட்டுமே.

சொட்டுவதற்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சலைன் டியூப் போதும். உருளையைத் திருகி, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அகலமான பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள், விளிம்பு படத்தில் தெரியாது. துளி விழும் இடத்தில் ஒரு பேனாவைக் குறுக்கே வைத்து அதில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பேனாவை எடுத்துவிடுங்கள். மின்விசிறியை அணைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் காற்றுக்கே துளி இடம் மாறி விழும், தண்ணீரிலும் அலை ஓடும். சித்திரை மாதத்தில் இது கொஞ்சம் கஷ்டம்தான், நான் விடிகாலையில் எடுக்கிறேன்.

இனி, எப்போது அழுத்துவது? எனக்கு இதுதான் பிடிபட நாளானது. முதல் நாள் 200 படங்களுக்கு மேல் எடுத்தேன், தேறியது மூன்று. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 40 செ.மீ. விழ ஏறக்குறைய 0.29 நொடி ஆகும். துளி குழாய் நுனியை விட்டுக் கிளம்புவதைக் கண் பார்த்து விரல் அழுத்தவே 0.2 நொடி போய்விடும். கேமரா படம் எடுக்க இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதாவது துளி கிளம்புவதைப் பார்த்ததும் அழுத்தினால், படம் விழும்போது துளி தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும். எனக்கு வேண்டியது அதற்குச் சற்றுப் பிந்தைய கணம், துளி விழுந்த இடத்தில் தண்ணீர் தூணாக எழும்பும் கணம். விரலை அவ்வளவு நுணுக்கமாகப் பழக்க முடியாது, டியூபை இறக்க முடியும். 30 செ.மீ.க்கு இறக்கினால் துளி 0.25 நொடியில் விழுந்துவிடுகிறது. அதே விரல், அதே அவசரம், படத்தில் மட்டும் தண்ணீர்த் தூண் எழும்பி நிற்கிறது. உங்கள் விரலுக்கும் உங்கள் கேமராவுக்கும் எந்த உயரம் என்பதை இரண்டு இரண்டு சென்டிமீட்டராக மாற்றிக் கண்டுபிடியுங்கள். லைவ் வியூவை (பின்பக்கத் திரையில் காட்சி தெரிவதை) அணைத்துவிடுங்கள், தாமதம் குறையும்.

அந்தத் தூணுக்கு வொர்திங்டன் ஜெட் என்று பெயர். ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், 19-ஆம் நூற்றாண்டில் மின்பொறி வெளிச்சத்தில் துளிகளைப் பார்த்துப் பார்த்து முதலில் கையாலேயே வரைந்தார். கையில் கேமராவோடு நாம் அலுத்துக்கொள்ளும்போது அவரை நினைத்தால் எனக்குத் தெம்பு வரும். தூண் எழ ஆழமான தண்ணீர் வேண்டும். துளி விழுந்ததும் சுற்றிலும் வளையமாகத் தெறிக்கும் கிரீடம் வேண்டுமென்றால் தட்டில் மெல்லிய படலமாகப் பால் ஊற்றி அதில் சொட்டவிடுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் எட்ஜர்ட்டன் 1957-இல் எடுத்த புகழ்பெற்ற பால் கிரீடம் அந்த வகைதான்.

ஃப்ளாஷைத் துளியின் மேல் நேராக அடித்தால் வெள்ளைப் பொட்டுகள்தான் கிடைக்கும். பின்னால் கலர் சார்ட் பேப்பர் ஒட்டி, வெளிச்சத்தை அதன்மேல் அடியுங்கள். அந்த நிறத்தைத் துளி தானே வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் கால் பங்கு கிளிசரின் கலந்தால் தூண் வழுவழுப்பாக வரும். ஃப்ளாஷை பாலிதீன் பையில் போட்டு, லென்ஸுக்கு யுவி ஃபில்டர் மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு இது சரிவராது, போனின் எல்இடி அவ்வளவு சின்ன நேரத்துக்கு மின்னாது. அசையாத துளிக்குப் போங்கள். ஒரு அருகம்புல்லில் ஊசியால் கிளிசரின் துளி வைத்து, பின்னால் ஒரு சாமந்திப் பூவை நிறுத்தினால், துளிக்குள் முழுப் பூவும் தெரியும். ஆனால் தலைகீழாக. என் மகள் வரைந்த வீட்டை முதல் தடவை அப்படியே ஒட்டி எடுத்துவிட்டு, துளிக்குள் கூரை கீழே இருக்கிறதென்று அவள் ரொம்ப வருத்தப்பட்டாள். இப்போது படத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டுத்தான் துளியை வைக்கிறோம்.