பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லையே டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 33 வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிவிட்டது என்று நான்கு வருடத்துக்கு முன் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். ஈறில் ரத்தம் வருகிறது என்று, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த அசிட்ரோம் மாத்திரையை எங்களுக்குத் தெரியாமல் நிறுத்தியிருக்கிறான். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறான். தண்ணீர் கேட்க வாய் வரவில்லை, ஆனால் முருகன் பாட்டை முழுசாகப் பாடுகிறான். கோபம் வந்தால் கெட்ட வார்த்தையும் தெளிவாக வருகிறது. நடிக்கிறான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் சோறு ஊட்டப் போனால் தட்டைத் தள்ளிவிடுகிறான். மருமகள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள், பகலெல்லாம் நான்தான். எண்ணெய் வைத்தியத்துக்குக் கூட்டிப்போகலாமா? எப்போது பழையபடி ஆவான்? நான் கவனித்திருந்தால் இது வந்திருக்காதோ?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நடிப்பு இல்லை அம்மா. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள், உங்கள் மகன் காதில் விழும்படியே சொல்லுங்கள்.

நினைத்ததைச் சொல்லாகக் கோத்துத் தருவது பெரும்பாலும் மூளையின் இடது பக்கம். அங்கே ரத்தக்கட்டி போய் அடைத்ததால்தான் வலது கை காலோடு பேச்சும் போயிற்று. மனப்பாடமான பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, வசவு இதெல்லாம் யோசிக்காமல் வாய் தானாக ஓடுகிற பேச்சு. அதற்கு வலது பக்கமும் கை கொடுப்பதால் தப்பிவிடுகிறது. வசவைக் கேட்டு மனசு நோகாதீர்கள். பாட்டை விடாதீர்கள். கூடவே நீங்களும் பாடி, வரியின் கடைசிச் சொல்லை அவருக்கு விடுங்கள். பேச்சுப் பயிற்சி தருபவர்கள் ராகத்தைப் பிடித்துக்கொண்டே 'தண்ணி வேணும்' போன்ற சின்ன வாக்கியங்களைப் பழக்குவதுண்டு.

பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள். 'என்ன சாப்பிடுறே?' என்று கேட்பதைவிட 'இட்லியா, தோசையா?' என்று கேளுங்கள். கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். அவர் 'த...' என்று ஆரம்பித்ததும் நீங்கள் 'தண்ணியா?' என்று முடித்துவைத்தால், அவருக்கு வந்த வாய்ப்பும் போய்விடும். சத்தமாகக் கத்த வேண்டாம், காதில் கோளாறு இல்லை.

அடுத்து அந்தத் தட்டு. முப்பத்து மூன்று வயது ஆண், மனைவி மக்கள் பார்க்க அம்மா கையால் ஊட்டிக்கொள்வது அவருக்கு எப்படி இருக்கும்? இடது கையால் சாப்பிடக்கூடாது என்று நம் வீடுகளில் அடித்துத் திருத்துவார்கள். அந்தக் கூச்சமும் சேர்ந்திருக்கும். 'இப்போதைக்கு இடது கையாலேயே சாப்பிடுப்பா' என்று நீங்கள் வாய்விட்டு அனுமதி கொடுங்கள். கைப்பிடி தடித்த ஸ்பூன், குழிவான தட்டு, தட்டுக்கு அடியில் நழுவாமல் இருக்க ஈரத்துணி போதும். வலது கையை மடியில் தொங்கவிடாமல் மேஜைமேல் தட்டுப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சட்டையில் சிந்தட்டும், அரை மணி நேரம் ஆகட்டும். தண்ணீரோ ரசமோ குடிக்கும்போது இருமினாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ, விழுங்குவதில் பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். மருத்துவரிடம் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. எழுப்பிவிடும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிட்டால் வரும் வலி பயிற்சியையே நிறுத்திவிடும்.

இனி மாத்திரை. கையும் பேச்சும் மெதுவாகத் தேறலாம், இதில் மட்டும் தாமதம் கூடாது. உலோக வால்வில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது கிளம்பி மூளைக்குப் போனதுதான் நடந்திருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) அளவு பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஈறில் ரத்தம் வந்தால் உடனே ஐ.என்.ஆர். பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும், நாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஒரு வேளை மறந்து அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும். தோள் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் கேட்டு வாங்காதீர்கள். ரத்தப் பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். உலோக வால்வுக்கு அவை ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரான் மாத்திரையை உலோக வால்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

ராத்திரி வீடு அடங்கியபின் அவர் நெஞ்சிலிருந்து 'டிக், டிக்' சத்தம் கேட்டிருப்பீர்கள். வால்வு மூடுகிற சத்தம் அது. அது மங்கி, கூடவே மூச்சு வாங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கடுமையான தலைவலி, கறுப்பு மலம், விழுந்து தலையில் அடி என்றாலும் அப்படியே, வெளியில் காயம் தெரியாவிட்டாலும் கூட. வாய் கோணல், புதிதாகக் கை கால் தளர்ச்சி என்றால் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதுவும் ரத்தத்தை உறையவிடாத மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எல்லா நேரமும் போட முடியாது. அதனால் போனவுடனே 'உலோக வால்வு, அசிட்ரோம்' என்று சொல்லுங்கள். மகன் சட்டைப்பையிலும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், அவரால் சொல்ல முடியாதே.

எண்ணெய் வைத்தியமா? மேலாகத் தடவலாம். அழுத்திப் பிசைந்தால் தசைக்குள் ரத்தம் கட்டும். உள்ளுக்குக் கொடுக்கும் கஷாயம், லேகியம் ஐ.என்.ஆரை எந்தப் பக்கமும் இழுத்துவிடலாம். புறா ரத்தம் பூசுவதால் பயன் இல்லை, அந்தப் பாவம் வேண்டாம். பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பழையபடி ஆவாரா என்று தேதி குறித்துச் சொல்ல முடியாது. முதல் மூன்று, ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையுமே தவிர நின்றுவிடாது, பேச்சு வருடங்கள் கழித்தும் கூடி வரலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம், பசி போய், பயிற்சிக்கே வர மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சோர்வுக்கான சில மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் அசிட்ரோமை அந்த மருத்துவருக்கும் நினைவூட்டுங்கள்.

நீங்கள் கவனிக்காததால் வந்தது இல்லை. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து ஒருவர் மாத்திரையை நிறுத்துவது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து விளக்காததால். இனி மாத்திரைப் பெட்டியை மகன் கையிலேயே கொடுங்கள், இடது கையால் எடுத்து அவரே போடட்டும். போட்டாரா என்று ராத்திரி பார்ப்பது மருமகள் பொறுப்பாக இருக்கட்டும். அடுத்த செக்கப்புக்கு அவள் லீவு போட்டுக் கூட வரட்டும். மருத்துவர் கேட்கிற கேள்விக்கு முதலில் மகன் பதில் சொல்லட்டும், தலையாட்டியாவது. அன்றைக்கு நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காரலாம், இல்லை, உங்கள் பிரஷரைப் பார்த்துவிட்டு வரலாம்.