ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மினியாபோலிஸில் வசிக்கிறேன். மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அக்டோபர் மூன்றாவது வாரக் கடைசியில் அவர்களைக் காரில் பேட்லாண்ட்ஸ், மவுண்ட் ரஷ்மோர் அழைத்துப் போகலாம் என்று திட்டம். வழியில் தெற்கு டகோட்டாவில் தங்க அறை தேடினால் எங்கும் காலி இல்லை. கிடைக்கிற ஒன்றிரண்டும் யானை விலை. கேட்டால் வேட்டைப் பருவம் என்கிறார்கள். துப்பாக்கியோடு ஆட்கள் திரியும் நேரத்தில் பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வரலாமா? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்.

இன்னொன்று. வேட்டைக்காரர்களைப் பற்றி உங்கள் தளத்தில் பரிவோடு எழுதியிருந்தீர்கள். பொழுதுபோக்குக்காகப் பறவையைச் சுடுகிறவர்களிடம் பரிவு காட்ட என்ன இருக்கிறது?

எம்., மினியாபோலிஸ்

அன்புள்ள எம்.,

தாராளமாக வரலாம். தேதியை மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள். ஃபெசன்ட் என்ற கோழி போன்ற பறவையின் வேட்டை தொடங்குவது அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. சரியாக அந்த வாரத்தில் போய் அறை தேடியிருக்கிறீர்கள்! வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வந்து சேர்வதைப் போல இங்கே தெற்கு டகோட்டாவில் அந்த வார இறுதிக்கு வருவார்கள். கூடவே நாடு முழுவதிலிருந்தும் வேட்டைக்காரர்கள். சூ ஃபால்ஸ் விமான நிலையத்தில் பெட்டிகளோடு நாய்க்கூண்டுகளும் வந்து இறங்கும். சின்ன ஊர்களில் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் விடியற்காலையிலேயே பான்கேக் சுட ஆரம்பித்துவிடுவார்கள். காலை பத்து மணிக்கு முன்னால் சுடக் கூடாது என்பது சட்டம். அதனால் அதுவரை சாப்பிடுவதும் கதையளப்பதும்தான் வேலை. அடுத்த வாரம் செவ்வாய், புதன் என்று வந்தால் கூட்டம் நன்றாகக் குறைந்திருக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: நீங்கள் போகப்போகும் ஐ-90 நெடுஞ்சாலையில் யாரும் சுடக் கூடாது. உள்ளே இருக்கும் சரளைக்கல் சாலைகளின் ஓரத்தில் வேட்டையாட அனுமதி உண்டு. அங்கும் ஆள் குடியிருக்கும் வீடு, பள்ளி, தேவாலயம், கால்நடை இவற்றிலிருந்து 660 அடிக்குள் கூடாது. பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் வயலுக்குள்தான் நடப்பார்கள். ஆரஞ்சுச் சட்டையோடு ஒரு வரிசை ஒரு முனையிலிருந்து நடக்கும். மறுமுனையில் சிலர், கிளம்பிப் பறக்கும் பறவைக்காக நின்றுகொண்டிருப்பார்கள். காரில் போகிற உங்களுக்கு அது வேடிக்கை.

பயப்பட வேண்டியது மானுக்கு. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை அவற்றுக்கு இணைசேரும் காலம். அந்தி நேரத்தில் முன்பின் பார்க்காமல் சாலையில் பாயும். ஐ-90-இல் இங்கே வேகவரம்பு மணிக்கு 80 மைல், அந்த வேகத்தில் மோதினால் கார் தேறாது. இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள். இருவழிச் சாலையில் இறங்கினால் அறுவடை இயந்திரங்கள் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். சோயா முடிந்து மக்காச்சோளம் அறுக்கும் நேரம் அது. பொறுமையாகப் பின்னால் போங்கள், ஒதுங்க இடம் கிடைத்ததும் அவர்களே வழிவிடுவார்கள்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. "நாம் பிராய்லர் கோழி சாப்பிடுவதில்லையா" என்று மடக்கிவிடலாம். அது சுலபமான பதில், நீங்கள் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

ஃபெசன்ட் இந்த மண்ணின் பறவையே இல்லை. சேவலுக்குச் செம்பு நிற உடம்பு, கழுத்தில் வெள்ளை வளையம், ஒரு முழ நீளத்துக்கு வால். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த இனம். இந்த மாநிலத்தில் அது காலூன்றியது 1908, 1909 வாக்கில் ரெட்ஃபீல்ட் பக்கத்து விவசாயிகள் கொண்டுவந்து விட்டபோது. 1919 அக்டோபர் 30 அன்று, ரெட்ஃபீல்ட் இருக்கும் ஸ்பிங்க் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) மட்டும், ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதித்தார்கள். 1943-இல் அதுவே மாநிலப் பறவை ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இங்குள்ள அபர்டீன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய ராணுவ வீரர்களுக்கு ஊர்ப் பெண்கள் ஃபெசன்ட் சாண்ட்விச் கொடுத்து அனுப்பியதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று சேவல்தான் சுடலாம். பெட்டையைத் தொடக் கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால், சேவல்களில் பெரும்பகுதி போனாலும் அடுத்த வசந்தத்தில் முட்டைக்குக் குறை வராது. சுட்டதை வண்டியில் கொண்டுபோகும்போது தலையையோ, இறகோடு ஒரு சிறகையோ, ஒரு காலையோ வெட்டாமல் விட்டிருக்க வேண்டும். சேவல்தானா என்று அதிகாரி பார்ப்பார்.

இந்தப் பறவையின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது புல்லும் பனிக்காலமும். பெட்டை தரையில் முட்டையிடும், அதற்கு உயரமான புல் வேண்டும். 1985 விவசாயச் சட்டத்தில் ஒரு திட்டம் வந்தது: மண் அரிக்கும் நிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டு உழாமல் புல்லாக விட்டால் அரசு வாடகை தரும். பறவை பெருகியது. 2007 வாக்கில் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக மக்காச்சோள விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் புல்லைப் புரட்டி உழுதார்கள். பறவையும் குறைந்தது. அப்போதெல்லாம் உழவேண்டாம் என்று சண்டை போட்டவர்களில் இந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர்களும் உண்டு. என் பரிவு அங்கிருந்து வந்தது.

எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு சதுப்பையும் அதைச் சுற்றிய கோரையையும் அப்படியே விட்டிருக்கிறார், ஓரத்தில் நாலு வரிசைச் சோளத்தை அறுக்காமல். பனியில் பறவைக்குத் தீனி. அக்டோபரில் அவர் மகன்கள் வந்து சுட வேண்டும் என்பதுதான் காரணம், ஜீவகாருண்யம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சதுப்பில் வாத்தும் நாரையும் இறங்குகின்றன.

கூண்டில் வளர்த்த பறவையைக் காலையில் வயலில் விட்டுவிட்டு, காசு கொடுத்தவர் சுட வழி செய்யும் வணிகமும் இங்கே உண்டு. செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். அதை வேட்டை என்று என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கோபம் அங்கே செல்லுபடியாகும்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. பக்கத்துக்காரர் கொடுப்பதைச் சமைப்பேன். கழுத்துப் பையை அறுத்தால் சோள மணியும் சோயாவும் முழுசாகக் கொட்டும். கொழுப்பே இல்லாத கறி, வறுத்தால் நாராகிவிடும். மிளகு, சின்ன வெங்காயம் போட்டுக் குழம்பாகக் கொதிக்க விடுவதே நல்லது. மெதுவாக மென்று சாப்பிட வேண்டும், துப்பாக்கியின் சிறுகுண்டு ஒன்றிரண்டு உள்ளேயே இருக்கும்.

வழியில் மிச்சல் என்ற ஊரில் சோளக்கதிர்களால் சுவர் அலங்கரித்த கார்ன் பேலஸைப் பார்த்துவிட்டு, சேம்பர்லைனில் மிசௌரி ஆற்றைப் பார்த்த ஓய்விடத்தில் நிறுத்துங்கள். நட்சத்திரப் போர்வை போர்த்திய பழங்குடிப் பெண்ணின் 50 அடிச் சிலை இருக்கிறது, அப்பாவுக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் கனத்த கோட் வேண்டும்: 2013-இல் அக்டோபர் முதல் வாரத்திலேயே மேற்குப் பகுதியில் பனிப்புயல் வந்து பல்லாயிரம் மாடுகள் செத்தன. கிளம்பும் முன் வானிலையைப் பாருங்கள். மர்டோ தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், பேட்லாண்ட்ஸில் நிதானமாகச் சுற்ற அது உதவும்.