எதை விட்டுக்கொடுப்பது? – கடிதம்

அன்புள்ள சார்,

நின்டெண்டோவின் வீ (Wii) என்ற கன்சோல், அதாவது வீடியோ கேம் இயந்திரம், பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அவர்களுடைய முந்தைய கன்சோலான கேம்க்யூபின் உட்பாகங்களைக் கொஞ்சம் மெருகேற்றி வந்த இயந்திரம் 10 கோடிக்கு மேல் விற்றதை வியந்திருந்தீர்கள். என் நண்பர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதிர்ஷ்டம், விளம்பரம், குறைந்த விலை, அவ்வளவுதான் என்கிறார்கள். எனக்கு இரண்டு கேள்விகள். யாரும் பெரிதாக நம்பாமல் வந்து ஜெயித்த கன்சோல்களுக்குள் பொதுவாக ஏதாவது இருக்கிறதா, இல்லை திறன் குறைவாக இருந்தாலே போதுமா? அப்படி ஒன்று வெளியாகும்போதே அதை எடைபோட வழி உண்டா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

திறன் குறைவு மட்டுமே போதும் என்றால் நின்டெண்டோவின் விர்ச்சுவல் பாயும் ஜெயித்திருக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான கேம் பாய். இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

1989இல் கேம் பாயும் அடாரியின் லிங்க்ஸும் சில மாத இடைவெளியில் வந்தன. லிங்க்ஸுக்கு வண்ணத் திரை, பின்னாலிருந்து வெளிச்சம், வேகமான கிராபிக்ஸ். கேம் பாய்க்குப் பச்சை சாயலில் நான்கே நிழல்கள். இருட்டில் ஒன்றும் தெரியாது. ஏதாவது வேகமாக நகர்ந்தால் திரையில் இழுபடும். அடுத்த வருடம் சேகாவின் கேம் கியரும் வண்ணத்தோடு வந்து சேர்ந்தது. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்த எவருக்கும் கேம் பாய் ஏற்கெனவே தோற்றுவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் லிங்க்ஸும் கேம் கியரும் ஆறு பேட்டரிகளைப் போட்டால் நான்கைந்து மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. அமெரிக்காவில் அதன் விலை 90 டாலர், லிங்க்ஸின் விலையில் ஏறத்தாழ பாதி. கேம் பாயை உருவாக்கிய நின்டெண்டோ பொறியாளர் குன்பேய் யோகோய் தெரிந்தேதான் வண்ணத்தை விட்டார். நன்றாகப் பழகி மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புது உபயோகம் கண்டுபிடிப்பது அவருடைய வழி. 1980இல் கால்குலேட்டர் திரைகளையும் சில்லுகளையும் வைத்து கேம் & வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைச் செய்தவர் அவர்.

இதோடு நிறுத்தினால் உங்கள் நண்பர்கள் “மலிவு, அவ்வளவுதானே” என்பார்கள். அவர்களுக்குப் பதில், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்தே டெட்ரிஸ் கொடுக்கப்பட்டது. சிறுவர்களுக்கு மட்டும் விற்க வேண்டுமானால் மரியோவைக் கொடுங்கள், எல்லோருக்கும் விற்க வேண்டுமானால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்று நின்டெண்டோவை இணங்கவைத்தவர் டெட்ரிஸின் உரிமையைப் பெற்றுத் தந்த ஹெங்க் ரோஜர்ஸ். அந்தத் திரையின் குறைகளை டெட்ரிஸோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். வண்ணம் இல்லையா? ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நிழல், ஒரு வேலைப்பாடு, பார்த்ததும் தெரிந்துவிடும். படம் இழுபடுகிறதா? கட்டைகள் ஒவ்வொரு படியாகத்தானே இறங்குகின்றன. குறை என்று சொல்லப்பட்ட எதுவும் அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. கேபிள் போட்டு இன்னொருவரோடும் ஆடலாம். அதே கேபிள் வசதியில்தான் 1996இல், ஏழு வயதான அந்தக் கிழட்டு இயந்திரத்தில், போகிமான் விளையாட்டில் பிடித்த உயிரினங்களை நண்பரோடு மாற்றிக்கொள்ளும் பரிமாற்றம் பிறந்தது. கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் ஒரு கோடியோடு நின்றது.

இப்போது விர்ச்சுவல் பாய். அதே யோகோய், அதே நிறுவனம், அதே யோசனை. மலிவான சிவப்பு எல்.இ.டி., சிவப்பும் கறுப்பும் மட்டுமே உள்ள முப்பரிமாணப் படம். 1995இல் வந்தது, ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விற்றது சுமார் 7.7 லட்சம். இங்கேயும் வண்ணத்தை விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் அதற்குப் பதிலாக ஆடுபவருக்கு என்ன கிடைத்தது? தூக்கிக்கொண்டு திரிய முடியவில்லை. மேஜைமேல் ஸ்டாண்டில் வைத்து, குனிந்து முகத்தைப் பொருத்திக்கொண்டு ஆட வேண்டும். அமெரிக்காவில் அதோடு கொடுத்த விளையாட்டு மரியோஸ் டென்னிஸ், அதையும் தனியாகத்தான் ஆட முடியும். யோகோய் மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. அதனாலேயே இந்தத் தோல்வியை மறைக்காமல் சொல்லத் தோன்றுகிறது.

நம்பிக்கையின்மை எல்லா நேரமும் திறனைப் பற்றியதும் அல்ல. 1985இல் நின்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோல் நியூயார்க்கில் வந்தபோது கடைக்காரர்களின் சந்தேகம் வீடியோ கேம் தொழில்மீதே இருந்தது. அமெரிக்க வீடியோ கேம் சந்தையின் 1983 வீழ்ச்சியில் கேம்கள் அவர்கள் கையில் தேங்கிப்போயிருந்தன. விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று நின்டெண்டோ வாக்குக் கொடுத்த பிறகே அலமாரியில் இடம் கிடைத்தது. பெட்டியை வி.சி.ஆர். போல வடிவமைத்து, ராப் என்ற பொம்மை ரோபோவையும் கூடவே வைத்தார்கள். ராப் விளையாட்டுக்குப் பெரிதாக உதவவில்லை, கடைக்குள் நுழைய உதவியது. சோனியின் பிளேஸ்டேஷன் விஷயத்தில் சந்தேகம் அதைத் தயாரித்தவர்கள்மேல். சோனிக்குள்ளேயே பலர் இதைப் பொம்மை வியாபாரம் என்று நினைத்தார்கள். 1991இல் நின்டெண்டோ அவர்களை உதறிவிட்டு பிலிப்ஸோடு கூட்டுச் சேர்ந்ததையும் மீறி, சோனி பொறியாளர் கென் குடராகி தனி கன்சோலுக்காகப் போராடினார். அது திறன் குறைந்த இயந்திரமே இல்லை. 10 கோடியைத் தாண்டியது.

ஆக, பொதுவான விதி என்று என்னால் ஒன்றும் தர முடியாது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பார்க்கும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்: கன்சோலோடு வரும் முதல் விளையாட்டு. கன்சோலின் குறை அந்த விளையாட்டில் உறுத்துகிறதா? டெட்ரிஸில் உறுத்தவில்லை. வீயோடு வந்த வீ ஸ்போர்ட்ஸில் பாத்திரங்களுக்குக் கைகள்கூட முழுதாக வரையப்படவில்லை, ரிமோட்டைப் பிடித்து வீசிப் பந்து எறியும் கை நம்முடையதாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலைப் பாருங்கள். அதற்கு முந்தைய வீ யூ மொத்தமே 1.36 கோடிதான் விற்றது, அதனால் 2017 தொடக்கத்தில் பலர் நின்டெண்டோவைக் கைகழுவியிருந்தார்கள். மார்ச் 3 அன்று ஸ்விட்ச்சோடு வெளியான செல்டா விளையாட்டு, அதே நாளில் வீ யூவுக்கும் வந்தது. இரண்டிலும் ஒரே விளையாட்டு. வீ யூவிலும் கையில் பிடிக்க ஒரு திரை உண்டு, ஆனால் அது டிவி பக்கத்திலிருக்கும் பெட்டியை விட்டுத் தூரம் போகாது. ஸ்விட்ச்சை ஸ்டாண்டிலிருந்து உருவி, விட்ட இடத்திலிருந்து ஆடிக்கொண்டே வீட்டை விட்டு வெளியே போகலாம். அது இன்று 15 கோடியைத் தாண்டிவிட்டது.

அன்புடன்.