காதில் விழுந்த மோர்ஸ்: வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில், பிரிட்டிஷ் துப்பறியும் நாவல்களை ஆடியோவில் கேட்கிறேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கும் ஆசையாக இருக்கிறது. எந்தத் தொடரில் ஆரம்பிக்கலாம்?
*– ஒரு வாசகி*

காலின் டெக்ஸ்டர் எழுதிய இன்ஸ்பெக்டர் மோர்ஸ் தொடரில் ஆரம்பியுங்கள். 1975 முதல் 1999 வரை மொத்தம் 13 நாவல்கள். ஆக்ஸ்ஃபோர்டு நகரமும் அதன் சுற்றுப்புறமும்தான் களம். மோர்ஸ் தேம்ஸ் பள்ளத்தாக்கு போலீஸில் தலைமை இன்ஸ்பெக்டர். குறுக்கெழுத்துப் புதிர், வாக்னரின் இசை, பியர் இவை மூன்றும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. கூடவே பொறுமைசாலியான சார்ஜென்ட் லூயிஸ்.

இந்தத் தொடர் எனக்குக் காது வழியாகத்தான் அறிமுகம். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. சில வாரம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் என் போனில் ஒரு நாவலை இறக்கி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அது தொடரின் முதல் நாவலான ‘லாஸ்ட் பஸ் டு உட்ஸ்டாக்’. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பஸ் நிறுத்தம், மாலை நேரம். இரண்டு இளம்பெண்கள் நிற்கிறார்கள், பஸ் வரக் காணோம். பக்கத்தில் ஒரு மூதாட்டி. உட்ஸ்டாக் அங்கிருந்து 13 கிலோமீட்டர் போல. போகிற வழியில் யாராவது காரில் ஏற்றிக்கொள்வார்கள் என்று பெண்கள் நடக்கத் தொடங்குகிறார்கள். அன்றிரவே அவர்களில் ஒருத்தி உட்ஸ்டாக்கில் ஒரு மதுக்கூடத்தின் பின்முற்றத்தில் பிணமாகக் கிடக்கிறாள். மோர்ஸ் அந்த மூதாட்டியிடம் தெரிந்துகொள்ள நினைப்பது, அந்தப் பெண்கள் பேசியதில் அவர் காதில் விழுந்தது என்ன என்பதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மூதாட்டி கேட்டதையெல்லாம் நானும் சற்று முன்னால் கேட்டிருந்தேனே! எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?

டெக்ஸ்டரைப் பற்றி ஒரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. அவர் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் 1966-ல் வகுப்பறையை விட்டுவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் தேர்வுகள் நடத்தும் அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாவது நாவலான ‘த சைலன்ட் வேர்ல்ட் ஆஃப் நிக்கலஸ் க்வின்’ (1977) அப்படியொரு தேர்வு அலுவலகத்தில்தான் நடக்கிறது. கொல்லப்படுகிறவன் காது கேளாதவன், உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவன். கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் ‘படம்’ என்று சொல்லுங்கள், அப்புறம் ‘மடம்’ என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கதையில் இது எங்கே வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டேன். கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்த ஒருவர் எழுதியதை, படிக்கக்கூடாது என்று கண்ணை மூடிவைத்திருந்த நான் காதால் கேட்டு முடித்தேன். அதனால் இந்த நாவல் எனக்கு மற்றதைவிட ஒரு படி நெருக்கம்.

அவர்களுடைய ஆங்கிலம் நமக்குப் புரியுமா? படங்களையே சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறேன்.
*– இன்னொரு வாசகர்*

புரியும். படத்தில் பின்னணி இசை, கார் சத்தம், வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் நடிகர் எல்லாம் உண்டு. இங்கே இருப்பது ஒரே குரல், அதுவும் உங்களுக்காகவே வாசிக்கும் குரல். நான் கேட்டது நடிகர் சாமுவேல் வெஸ்ட் வாசித்த பதிப்பு. அவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றி வித்தை காட்டுவதில்லை. மோர்ஸ் பேசும்போது ஒரு அவசரம், லூயிஸ் பேசும்போது ஒரு நிதானம். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு போதும். முதல் அரைமணி நேரம் கஷ்டமாக இருக்கும், நிறுத்திவிடாதீர்கள். வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். இந்த நாவல்களில் மோர்ஸ் பதில் சொல்லாமல் இருக்கும் இடங்களும் முக்கியம்.

உச்சரிப்பும் சேர்ந்தே வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரி உண்டு. எழுத்தைப் பார்த்து இத்தனை வருஷமாக ‘மக்டலேன்’ என்றே படித்துவந்தேன். அது ‘மோட்லின்’. ‘குளூசெஸ்டர்’ என்று நினைத்திருந்த ஊர் ‘குளோஸ்டர்’. அச்சில் மட்டும் படித்திருந்தால் கடைசி வரை தெரிந்திருக்காது.

டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் லூயிஸ் இளைஞர், வட இங்கிலாந்துக்காரர். ஆரம்ப நாவல்களில் அவர் வேல்ஸ்காரர், வயதிலும் மோர்ஸுக்கு இளையவர் இல்லை. முதலிலேயே இதை மனதில் மாற்றி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

துப்பறியும் கதை என்றால் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டாமா? கேட்கும்போது துப்பெல்லாம் நழுவிப் போய்விடாதா?

சில நழுவும். ‘லாஸ்ட் பஸ் டு உட்ஸ்டாக்’கில் ஒரு கடிதம் வருகிறது. வார்த்தைக்கு வார்த்தை எழுத்துப்பிழை. மோர்ஸுக்கு அந்தப் பிழைகளின் மேலேயே சந்தேகம். பிழை கண்ணுக்குத்தானே தெரியும், காதுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்துக்காகவே பிறகு அச்சுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். டெக்ஸ்டர் குறுக்கெழுத்துப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். மோர்ஸ், லூயிஸ் இரண்டு பெயர்களையுமே அந்தப் போட்டி உலகத்திலிருந்துதான் எடுத்தார். அதனால் எழுத்தை வைத்து விளையாடுவது அவர் கதைகளில் இருந்துகொண்டே இருக்கும். தொடரை ஆடியோவில் கேட்பவர்கள் முதல் நாவலையாவது அச்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காதுக்குக் கிடைக்கும் லாபமும் இருக்கிறது. அச்சில் எனக்குக் கடைசி அத்தியாயத்தை எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. ஆடியோவில் அது போய்விட்டது. வர்ணனையைத் தாண்டி ஓடவும் முடிவதில்லை, ஜன்னல் ஓரக் கோப்பையைக்கூட ஆசிரியர் வைத்த இடத்திலேயே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ‘த வெஞ்ச் இஸ் டெட்’ (1989) இதற்கு நல்ல உதாரணம். மோர்ஸ் வயிற்றுப்புண்ணோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். கையில் கிடைப்பது ஒரு சிறு புத்தகம், 1859-ல் கால்வாய்ப் படகில் போன ஒரு பெண் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றியது. படுத்த படுக்கையாகவே அந்தப் பழைய தீர்ப்பைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். அந்தச் சிறு புத்தகம் நாவலுக்குள்ளேயே வருகிறது. அது வரும்போது நடையே மாறிவிடும், ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் கனமான, பழைய நடை. கண்ணால் என்றால் வேகமாகத் தாண்டியிருப்பேன். காதால் கேட்டபோதுதான், மோர்ஸைப் போலவே எனக்கும் ‘இது இடிக்கிறதே’ என்று ஒரு இடத்தில் தோன்றியது. 1839-ல் கிறிஸ்டினா காலின்ஸ் என்ற பெண் கால்வாய்ப் பயணத்தில் கொல்லப்பட்ட நிஜச் சம்பவம்தான் இதற்கு மூலம். அவர் கல்லறை ஸ்டாஃபர்ட்ஷயரில் ரூஜ்லி என்ற ஊரில் இருக்கிறது. 1989-ன் தங்கக் கத்தி விருது இந்த நாவலுக்குத்தான். பிரிட்டிஷ் குற்றப் புனைவு எழுத்தாளர் சங்கம் கொடுப்பது அது.

இன்னொன்று, ஒரு தாளில் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். தூக்கம் வருவது போலிருந்தால் டைமரை வைத்துவிடுங்கள். தூக்கத்தில் ஓடிப்போன அத்தியாயத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

கதையைக் கேட்பதும் படித்த கணக்கில் சேருமா?

சேரும். பிரிட்டனில் முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களை மனதில் வைத்துத்தான் ‘பேசும் புத்தகம்’ சேவை 1935-ல் தொடங்கியது. இசைத்தட்டுகளில் பதிவு செய்து அனுப்பினார்கள். முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ‘த மர்டர் ஆஃப் ராஜர் அக்ராய்ட்’. அதைக் கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் படிக்கவில்லை என்று யார் சொல்வார்கள்?

13-ஐயும் முடித்துவிட்டீர்களா?

பன்னிரண்டு முடிந்தது. கடைசி நாவலின் பெயர் ‘த ரிமோர்ஸ்ஃபுல் டே’. சத்தம் போட்டுச் சொல்லிப் பாருங்கள், நடுவில் மோர்ஸ் ஒளிந்திருப்பது கேட்கும். மூன்று வாரமாகப் போனில் அது இருக்கிறது. முதல் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். முடித்துவிட்டால் புதிதாகக் கேட்க மோர்ஸ் நாவல் வேறு இல்லையே என்று மனசு வரவில்லை. இந்த வாரம் இரண்டாவது கண்ணுக்கு அறுவை. கட்டோடு படுத்திருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.