மாறிவரும் நம் தெருவில் நாமே தெரு நடை நடத்துவது எப்படி? அதனால் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் விவரமாக எழுதியிருந்தார். அவர் பகுதியில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள், கடைகள் கைமாறுகின்றன. சுற்றுலா நடத்துகிறவர்கள் வெளியாட்களைக் கூட்டிவந்து தெருவைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். குடியிருக்கிறவர்களே அந்த நடையை நடத்தலாமா, எப்படித் தொடங்குவது, கட்டணம் வாங்கலாமா, நடையால் ஏதாவது பயன் உண்டா என்பது கேள்வி.

தாராளமாக நடத்துங்கள், பயன் உண்டு. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த வாசலில் நிற்கிறீர்களோ, அந்த வாசலில் இருப்பவர்தான் பேச வேண்டும். கூட்டிக்கொண்டு போகிறவர் வழி காட்டலாம், பேசுகிறவரை அறிமுகம் செய்யலாம், நேரம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அவரே பேசிக்கொண்டு போனால் தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறவர்களாகிவிடுவார்கள்.

நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். கிழக்கேகோட்டையில் தொடங்கி, ஆரியசாலை தாண்டி, கிள்ளிப்பாலம் பக்கம் போகிற தெரு. சாலை என்பதே தெருவின் பெயர். தாத்தா உடன்குடிப் பக்கமிருந்து கருப்பட்டி வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு நாகர்கோவில். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து சாலையிலும் பக்கத்து வலியசாலை அக்ரகாரத்திலும் இப்படி நடை நடத்திவருகிறோம். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

சாலையைப் பற்றி யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுச் சொல்லக்கூடியவை சில உண்டு. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடைத்தெருவை உண்டாக்கினார். 1795இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. நாஞ்சில் நாட்டு நெல் மாட்டுவண்டியில் கரமனை வழியாக வந்தது. வள்ளக்கடவில் படகிலிருந்து இறங்கிய சரக்கும் இங்கேதான் வந்தது. 1931இல் ரயில் தம்பானூர் வரைக்கும் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது அம்மாவின் ஊர் ஒரு மாநிலம், அப்பாவின் கடை இன்னொரு மாநிலம் என்று ஆனது. சரக்குக்கு அந்தக் கோடு தெரியவில்லை. இன்றைக்கும் ஓணத்துக்குப் பூ தோவாளையிலிருந்து வருகிறது, ஆற்றுகால் பகவதி கோயிலில் பெண்கள் பொங்கலிடும் பொங்காலைத் திருவிழாவுக்கு மண்பானை தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக எல்லை தாண்டி வருகிறார்கள். அந்த நாட்களில் குமாரசுவாமி எங்கள் ஆரியசாலை அம்மன் கோயிலில்தான் இருப்பார்.

இதையெல்லாம் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். நாங்கள் காந்திப் பூங்கா பக்கம் எல்லோரும் சேர்ந்ததும் இதைச் சொல்லி முடித்துவிடுவோம். அப்புறம் வருகிற ஒன்றரை மணி நேரம் தெருக்காரர்களுடையது.

ஒரு மளிகைக் கடை இருக்கிறது. ஷட்டர் கிடையாது, பலகை போட்டு அடைக்கிற கடை. காலையில் அண்ணாச்சி கடை திறக்கிற நேரத்துக்கு நாங்கள் போய் நிற்போம். பலகை ஒவ்வொன்றின் மேல்நுனியிலும் உளியால் செதுக்கிய தமிழ் எண் இருக்கும், ௧, ௨, ௩ என்று. வரிசை மாறினால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தாது. கீழே கல்படியில் பலகை ஓடி ஓடி அந்தப் பள்ளம் வழவழவென்று ஆகியிருக்கும். ஒரு பலகையை எடுத்து நடைக்கு வந்தவர் கையில் கொடுத்து, நீங்களே மாட்டுங்கள் என்பார் அண்ணாச்சி. நல்ல கனம், இரண்டு கையாலும் தூக்க வேண்டும்.

இந்த இடத்தில் வேறொருவர் பேசினால், ஆஹா என்ன அழகான பழைய கதவு என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். அண்ணாச்சி பேசும்போது விஷயம் வேறு. கட்டிடம் தன்னுடையது இல்லை என்று தொடங்குவார். அப்பா காலத்தில் பகடி, அதாவது வாடகை தவிர மொத்தமாக ஒரு தொகை, கொடுத்து எடுத்த கடை. வாடகை ரசீது உண்டு, பகடிக்குக் காகிதம் கிடையாது. ஓடு மாற்றக்கூட உடமஸ்தரை, அதாவது கட்டிடச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். உடமஸ்தரின் பிள்ளைகள் வெளிநாட்டில். ரோட்டை அகலப்படுத்தினால் நஷ்டஈடு கட்டிடக்காரருக்குப் போகும், நாற்பது வருஷமாக இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அந்தப் பலகை இன்னும் பலகையாக இருப்பதற்குக் காரணம் பழமைமேல் பற்று மட்டும் இல்லை என்று அப்போதுதான் கேட்கிறவர்களுக்குப் புரிகிறது. ஒரு தெரு மாறுகிறது என்றால் யாருக்கு எந்த உரிமை இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில்தான் முதலில் மாறுகிறது. அதைக் கடைக்காரர் வாயால் கேட்க வேண்டும்.

பக்கத்துக் கடைக்காரர் இதற்கு நேர் எதிராகப் பேசுவார். அவருடையது சொந்தக் கட்டிடம். ரோடு அகலமானால் வியாபாரம் பெருகும், கார் நிறுத்த இடமில்லாமல்தான் ஜனங்கள் மாலுக்குப் போகிறார்கள், ஆட்டக்குளங்கரையிலிருந்து கிள்ளிப்பாலத்துக்குப் பைபாஸ் வந்த பிறகு பாதி வண்டி இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சிறுவயதிலிருந்து அறிந்தவர்கள். இரண்டு பேரையும் பேச விடுவோம், தீர்ப்புச் சொல்ல மாட்டோம். இப்படிக் கருத்து மோதுகிற நிறுத்தம் ஒன்றாவது உங்கள் நடையில் இருக்கட்டும். அதைத் தவிர்த்துவிட்டு எல்லாம் இனிமை என்று காட்டினால் தெருக்காரர்களே உங்களை நம்ப மாட்டார்கள்.

கொத்துவால் தெருப் பக்கம் சுமட்டுத் தொழிலாளர்கள், அதாவது மூட்டை தூக்குகிறவர்கள், உட்கார்ந்திருக்கும் இடம் இன்னொரு நிறுத்தம். கேரளத்தில் இவர்களுக்கென்றே தனிச் சட்டம் உண்டு, அதற்குப் பின்னால் பெரிய போராட்டம் உண்டு. நீலச் சட்டை போட்ட ஒரு சேட்டன் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக் காட்டுவார். முன்பு ராத்திரி முழுக்க லாரி வந்து நிற்கும், இப்போது கம்பெனி வண்டியே கடை கடையாகச் சரக்கைப் போட்டுவிட்டுப் போகிறது, தன் மகனை இந்த வேலைக்கு விட மாட்டேன் என்று சொல்லும்போது குரலில் வருத்தமும் இருக்கும், பெருமையும் இருக்கும்.

பழையவர்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. சாலையில் இன்று மூட்டை பிரிப்பவர்களிலும் கடைப் பையன்களிலும் எத்தனையோ பேர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். கேரளத்தில் இவர்களை அதிதித் தொழிலாளர்கள் என்கிறார்கள். மாடியில் ஒரே அறையில் பல பேர் தங்கியிருக்கிறார்கள். எங்கள் தாத்தாவும் இப்படித்தான் கடை மாடியில் படுத்துப் பிழைத்தார். முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு தம்பி, ஊருக்குப் பணம் அனுப்புவதையும் மலையாளம் கற்றுக்கொண்டதையும் இந்தியில் சொல்வார். துணிக்கடைப் பெண் ஒருத்தி மொழிபெயர்ப்பாள். அந்தத் தம்பியையும் இந்தத் தெருக்காரராக ஏற்றுக்கொண்டு பேச வைத்தால்தான் அது இன்றைய தெருவின் நடை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வலியசாலை வேறு உலகம். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டுப் புகழுரையில் வருகிற காந்தளூர்ச் சாலை இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்களுக்காக ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், ஏற்படுத்தியபோது காந்தளூர் முறையைத்தான் முன்மாதிரியாக வைத்தான். நடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அக்ரகாரத்தில் பேசுகிற மாமி அந்தப் பக்கமே போவதில்லை. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் எதில் ஆள் இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது, எது ஹாஸ்டல் ஆகிவிட்டது என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சொல்வார். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். நடுவில் ஒரு வீட்டை இடித்தால் இரண்டு பக்கத்துச் சுவரும் நனைகிறது, ஏனென்றால் சுவர் பொது. இதை எந்தப் புத்தகத்தைப் படித்தும் நான் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

தண்ணீரைப் பற்றியும் பேசுங்கள். எங்கள் பக்கம் பெருமழை பெய்தால் தம்பானூர் மூழ்கும். ஓடைகளைத் திறந்து தூர்வார 2015இல் ஆபரேஷன் அனந்தா என்று மாவட்ட நிர்வாகம் இறங்கியது. ஆமையிழஞ்சான் தோடு என்கிற ஓடை ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது. 2024 ஜூலையில் அங்கே குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அந்த இடத்தில் நாங்கள் பழங்கதை சொல்வதில்லை. கடைகளிலிருந்து குப்பை எங்கே போகிறது என்பதைப் பேசுகிறோம். கடைக்காரர்களும் நின்று கேட்கிறார்கள்.

இப்படிக் குடிமக்களே நடத்தும் நடைக்கு உலகத்தில் பெயர்பெற்ற முன்மாதிரி உண்டு. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 2006இல் மறைந்தார். அடுத்த ஆண்டு டொராண்டோவில் நண்பர்கள் அவர் நினைவாக ஜேன்ஸ் வாக் என்று தொடங்கினார்கள். மே மாதம் முதல் வாரக்கடைசியில் பல நாடுகளில் நடக்கிறது, கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் தன் தெருவில் நடத்தலாம். நடந்துகொண்டே எல்லோரும் பேசுவது என்பதுதான் அதன் சாரம். அந்த முறை நம் ஊருக்கு நன்றாகவே ஒத்துவரும், நம் ஆட்களைப் பேச வைக்கச் சிரமமே இல்லை.

ஒரு பயமும் எனக்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் வழிபாட்டிடம் இருக்கிற தெரு, மிளகும் இஞ்சியும் மணந்த வியாபாரத் தெரு. இன்றைக்கு அங்கே பெரும்பாலும் பயணிகளுக்கான கலைப்பொருள் கடைகள். சாலையில் அரிசியும் பானையும் தாம்புக்கயிறும் விற்கிற கடை இருக்கும் வரைக்கும்தான் அது சாலை. அதனால் நடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சாலை அரசு தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், பக்கத்து மணக்காட்டுப் பெண்கள், அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள். புதிதாக வந்தவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அவர்களுக்குத்தான் தெருவைத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் இருக்கிறது.

நடைமுறையில் சொன்னால், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், கடை வாசலை மறித்து நின்றால் அன்றைய வியாபாரம் கெடும். மைக் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தெரு காலியாக இருக்கும், மேல்மாடி ஓடுகளை நன்றாகப் பார்க்கலாம், ஆனால் பேச ஆள் இருக்காது. ஆகவே வேலைநாள் காலை ஏழு மணிதான் சரி. பொங்காலை வாரத்திலும் ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்திலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். பேசப்போகிறவரை முந்தின வாரமே போய்ப் பார்த்து, எதைச் சொல்லலாம் எதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைத் தகராறு, குடும்பப் பாகம் போன்றவற்றை அவரே எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள். கேட்காமல் போட்டோ எடுக்கிறவரை அங்கேயே தடுக்க வேண்டும். வயதானவர்கள் உட்கார இடமும் பெண்களுக்குக் கழிப்பறையும் எங்கே என்று பார்த்துவைத்த பிறகே வழியை முடிவு செய்யுங்கள்.

பயன் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நடை நடத்தினால் இடிக்கிற கட்டிடம் நின்றுவிடாது, அந்த ஆசையோடு வராதீர்கள். எங்களுக்கு நடந்தது இது. வாடகைக் கடைக்காரர்கள் சிலர் யார் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று எழுதிவைக்கத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மழைத்தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு வரைபடம் போட்டார்கள். அது வார்டு கவுன்சிலர் கைக்குப் போனது, உடைந்துகிடந்த ஓடைப் பலகைக்கல் சில மாறின. சாலை விரிவாக்கத்தைப் பற்றிக் கூட்டம் போட்டபோது சொந்தக்காரர், வாடகைக்காரர், சுமட்டுத் தொழிலாளி மூன்று தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அது முன்பு நடந்ததில்லை.

கட்டணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் வாங்குவதில்லை. விருப்பமுள்ளவர்கள் கொடுப்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். அது டீக்கும், பேசுகிறவர்களில் தினக்கூலிக்காரர்களுக்கும் போகிறது. சுமட்டுத் தொழிலாளி நம்மோடு நின்று பேசுகிற நேரத்தில் ஒரு லோடு வந்து போய்விடும், அந்தக் கூலியை நடைக்கு முன்னாலேயே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.